விளையும் பயிர் முளையிலே தெரியுமா?
புளூ ஜேஸ் தன் இளம் வீரர்களை எடை போடும் விதம்



2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தை ரொறன்ரோவில் யாரும் இலகுவில் மறக்க மாட்டார்கள். 1993க்குப் பிறகு முதல் தடவையாக எங்கள் புளூ ஜேஸ் அணி உலகத் தொடருக்குப் போனது. ஏழாவது ஆட்டத்தின் பதினோராவது இன்னிங்ஸில், 5-4 என்ற கணக்கில், லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணியிடம் தோற்றும் போனது. கிரிக்கெற் தவிர வேறு விளையாட்டு பார்க்காத வீடுகளிலும் அந்த இரவு விளக்கு அணையவில்லை.

அந்தத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் ட்ரே யெசாவேஜ் என்ற 22 வயதுப் பையன் பந்து எறிந்தார். 12 பேரை ஸ்ரைக் அவுட் செய்தார். உலகத் தொடரில் ஒரு புதுமுக வீரர் இத்தனை பேரை வெளியேற்றியது அதுவே முதல் தடவை. அதே வருடம் ஏப்ரல் மாதத்தில் இவர் புளோரிடாவில், ஆட்களே அதிகம் வராத ஒரு சிறு மைதானத்தில் எறிந்துகொண்டிருந்தார் என்று நான் வானொலிப் பேச்சிலே சொன்னேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஸ்காபரோவிலிருந்து ஒரு நேயர் தொலைபேசியில் வந்தார். "தம்பி, எந்தப் பிள்ளை நாளைக்கு ஆளாவான் என்று இவங்களுக்கு எப்பிடித் தெரியுது?" என்று கேட்டார். அடுத்ததாக, கொஞ்சம் தயங்கி, இன்னொன்றையும் கேட்டார். அவருடைய மகனுக்கு 13 வயது. நன்றாக விளையாடுகிறானாம். வெளியூர்களுக்குப் போய் ஆடும் அணியில் சேர்க்கும்படி பயிற்சியாளர் சொல்கிறாராம். செலவு அதிகம், படிப்பும் குழம்பும். என்ன செய்யலாம்?

நேரம் போதாமல் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லி முடித்துவிட்டேன். அது சரியான பதில் இல்லை என்று எனக்கே பட்டது. ஆகவே இங்கே ஆறுதலாகச் சொல்கிறேன்.

நாற்றுமேடை

பேஸ்போலில் இளம் வீரர்களை வளர்க்கும் ஏற்பாட்டுக்குப் 'பண்ணை' என்றே பெயர். 1920களில் சென்ற் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி என்பவர் இதை முறையாக அமைத்தார். பெரிய வீரர்களைக் காசு கொடுத்து வாங்கக் கட்டுப்படியாகாத அணி அது. அதனால் சிறிய ஊர் அணிகளைத் தன் கைக்குள் எடுத்து, பிள்ளைகளை அங்கே விட்டு வளர்த்து, தேறியவர்களை மேலே கொண்டு வந்தார். எங்கள் ஊரில் நாற்றுமேடையில் விதைத்து, பிறகு பிடுங்கி வயலில் நடுவது போலத்தான்.

புளூ ஜேஸ் அணியின் நாற்றுமேடைக்கு நான்கு படிகள் உள்ளன. கீழே புளோரிடாவில் உள்ள டனீடின். அதற்கு மேல் எங்கள் நாட்டின் வன்கூவர். அதற்கும் மேல் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர். கடைசிப் படி, எல்லையைத் தாண்டி இரண்டு மணித்தியாலத்தில் போய்விடக்கூடிய பஃபலோ. அதன் பிறகுதான் ரொறன்ரோ. 2025இல் யெசாவேஜ் இந்த நான்கு படிகளையும் ஒரே பருவத்தில் ஏறி வந்தார். கீழே எறிந்த 98 இன்னிங்ஸில் 160 பேரை அவர் ஸ்ரைக் அவுட் செய்ததனால்தான் அவரை அங்கே வைத்திருக்க முடியவில்லை. எல்லோரும் இப்படி ஏறுவார்கள் என்று நினைக்கக் கூடாது. நான்கு ஐந்து வருடம் எடுப்பதுதான் வழமை.

பிள்ளைகள் இந்த மேடைக்கு வரும் வழி மூன்று. முதலாவது ட்ராஃப்ற். ஒவ்வொரு ஜூலையிலும் 30 அணிகளும் முறை வைத்து, கனடா, அமெரிக்கா, புவேட்டோ ரிக்கோ மாணவர்களில் இருந்து 20 சுற்றுக்களில் ஆள் தெரிவு செய்கின்றன. இரண்டாவது, டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா போன்ற நாடுகளில் 16 வயதுப் பிள்ளைகளுடன் நேரடியாக ஒப்பந்தம் செய்வது. மூன்றாவது, இன்னொரு அணியுடன் வீரர்களை மாற்றிக்கொள்வது.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஓர் அணி தன் பண்ணையில் வைத்திருக்கக்கூடியவர்கள், டொமினிக்கன் முகாமைச் சேர்க்காமல், 165 பேர். 30 அணிகளுக்கும் சேர்த்தால் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மேலே மேஜர் லீக்கில் உள்ள இடங்கள் அணிக்கு 26 வீதம் 780 மட்டுமே. அந்த 780 இடங்களும் காலியாக இல்லை. ஏற்கெனவே ஆட்கள் இருக்கின்றார்கள்.

80க்கு எத்தனை?

எங்கள் சமூகத்துக்குப் புள்ளி என்றால் நன்றாக விளங்கும். பிள்ளை 95 எடுத்தாலும் மிச்சம் ஐந்து எங்கே என்று கேட்பவர்கள் நாங்கள். பேஸ்போல் ஸ்கவுட்டுகள், அதாவது ஊரூராகப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்து அறிக்கை எழுதுபவர்கள், 20இல் தொடங்கி 80இல் முடியும் ஒரு புள்ளி முறை வைத்திருக்கின்றார்கள்.

இதிலே 50 என்பது மேஜர் லீக் வீரர் ஒருவரின் சராசரித் திறமை. பள்ளிக்கூடத்தில் 50 எடுத்தால் முகம் சுளிப்போம். இங்கே 50 என்றால் உலகின் மிகச் சிறந்த சில நூறு பேரில் நடுவிலே நிற்கிறான் என்று பொருள். 100 மேஜர் லீக் வீரர்களை எடுத்தால் ஏறக்குறைய 68 பேர் 40க்கும் 60க்கும் இடையில் அடங்குவார்கள். 60க்கு மேலே ஒரு 16 பேர். 70க்கு மேலே இரண்டு மூன்று பேர். 80 என்பது ஒரு தலைமுறையில் சிலருக்கே கிடைப்பது. மொன்றியலில் பிறந்த விளாடிமிர் குரேரோ ஜூனியர் மைனர் லீக்கில் இருந்தபோது, அவருடைய அடிக்கும் திறமைக்கு அந்த 80 கொடுத்தார்கள்.

துடுப்பாட்டக்காரரிடம் ஐந்து விடயங்களைப் பார்க்கின்றார்கள்: பந்தைச் சரியாகச் சந்திப்பது, தூர அடிக்கும் பலம், ஓட்டம், களத்தடுப்பு, எறியும் கை. இதில் சிலவற்றை அளக்கலாம். அடித்த இடத்திலிருந்து முதலாவது பேஸ் வரை 90 அடி. வலக்கைக்காரர் ஒருவர் அதை ஏறத்தாழ 4.3 செக்கனில் ஓடினால் 50. இன்னும் மூன்று பத்தில் ஒரு செக்கன் குறைத்தால் 80க்குக் கிட்ட வந்துவிடுவார். ஆனால் பந்தைச் சந்திக்கும் திறமையை மணிக்கூடு வைத்து அளக்க முடியாது. அதுதான் மிக முக்கியம். அதிலேதான் ஸ்கவுட்டுகள் அதிகம் பிழை விடுவதும்.

பந்து எறிபவரிடம், அதாவது பிற்சரிடம், வேகப் பந்து, வளையும் பந்து, மெதுவான பந்து என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புள்ளி. நினைத்த இடத்தில் போடுகிறாரா என்பதற்கு இன்னொரு புள்ளி. பந்து கையை விட்டு வெளியேறும் உயரத்தையும் கோணத்தையும் கூடப் பார்க்கின்றார்கள். யெசாவேஜ் கையை நேர் மேலே உயர்த்தி எறிபவர். அந்த உயரத்திலிருந்து பந்து வருவதைத் துடுப்பாட்டக்காரர்கள் அதிகம் பார்த்ததில்லை. மாலிங்கவின் பந்தை முதல் தடவை சந்தித்தவர்கள் தடுமாறியதும் இதே காரணத்தால்தான். அவர் கை பக்கவாட்டில் போனது, இவர் கை மேலே போகிறது.

ஒவ்வொரு திறமைக்கும் இரண்டு புள்ளி எழுதுவார்கள் என்பதையும் கவனியுங்கள். ஒன்று இன்றைக்கு. மற்றது வளர்ந்து முடிந்த பிறகு எப்படி இருப்பான் என்ற கணிப்பு. 17 வயதுப் பையனுக்குப் பலத்தில் '30, 55' என்று எழுதியிருந்தால், இன்று பலம் இல்லை, தோள் விரியும், பலம் வரும் என்று நம்புகின்றார்கள். முதல் எண் கண்ட காட்சி. இரண்டாவது எண் நம்பிக்கை. தரவரிசை முழுக்க அந்த இரண்டாவது எண்ணின் மேலேதான் கட்டப்படுகிறது.

எண்கள் சொல்லும் கதை

பட்டியல் போடுபவர்கள் ஸ்கவுட் அறிக்கையுடன் ஆட்ட எண்களையும் பார்க்கின்றார்கள். பத்திரிகையில் வரும் துடுப்பாட்டச் சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது, வயது என்ன, படி என்ன? வன்கூவரில் ஆடுபவர்களில் பலர் பல்கலைக்கழகம் முடித்த 22, 23 வயதுக்காரர். அங்கே ஒரு 19 வயதுப் பையன் நடுத்தரமாக ஆடினாலே பெரிய விடயம். எட்டாம் வகுப்புப் பிள்ளை பத்தாம் வகுப்புச் சோதனையில் 60 எடுத்தால் நாங்கள் குறையாகச் சொல்வோமா?

இரண்டாவது, எத்தனை தடவை ஸ்ரைக் அவுட் ஆகிறார், எத்தனை தடவை பொறுமையாக நின்று வோக் வாங்குகிறார்? அடித்த பந்து இடைவெளியில் விழுவது கொஞ்சம் அதிர்ஷ்டம். எந்தப் பந்தை விடுவது என்று தெரிவது அதிர்ஷ்டமில்லை. மேலே போகப் போக அந்தக் கண்தான் கைகொடுக்கும்.

மூன்றாவது, பந்து மட்டையை விட்டுப் புறப்படும் வேகம். மணிக்கு 95 மைலுக்கு மேல் புறப்பட்டால் அது பலமான அடி. கமெராக்களும் கணினிகளும் இதை மைனர் லீக் மைதானங்களிலும் அளக்கின்றன.

இப்பொழுது நீங்களே ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். கற்பனையாக மூன்று பேர். முதலாமவர் 18 வயது ஷோர்ட் ஸ்ரொப். டனீடினில் ஆடுகிறார். பலமாக அடிக்கிறார், ஆனால் மூன்று தடவைக்கு ஒரு தடவை ஸ்ரைக் அவுட். இரண்டாமவர் 25 வயது. நியூ ஹாம்ஷயரில் முதலாவது பேஸில் நிற்பவர், சராசரி .300. மூன்றாமவர் 22 வயதுப் பிற்சர். மணிக்கு 97 மைல் வேகம், ஆனால் முழங்கையில் ஒரு சத்திர சிகிச்சை.

இன்றைக்கு ஆட்டம் என்றால் இரண்டாமவரைத்தான் இறக்குவோம். ஆனால் பெரும்பாலான பட்டியல்களில் அவர் கடைசியில் இருப்பார். வயது அதிகம், வளர இடமில்லை. முதலாவது பேஸில் நிற்க நிறையப் பேர் இருப்பதால், அங்கே நிற்பவர் மிக நன்றாக அடித்தால்தான் மதிப்பு. ஷோர்ட் ஸ்ரொப், கச்சர், நடுக்களம் ஆகிய இடங்களுக்கு ஆள் கிடைப்பது அரிது. அதனால் அந்த 18 வயதுப் பையன் மேலே போவார். பிற்சரை எங்கே வைப்பது? அவர் ரொறன்ரோவுக்கு மிகக் கிட்டே நிற்கிறார். ஆனால் அந்த முழங்கை எப்போது மறுபடி பிழைக்கும் என்று யாருக்கும் தெரியாது. இங்கேதான் ஒவ்வொரு பட்டியலும் வேறுபடுகிறது. ஒருவர் உச்சத்தைப் பார்க்கிறார், இன்னொருவர் உறுதியைப் பார்க்கிறார்.

இப்படிப் பட்டியல் போடுவதைப் பிரபலமாக்கிய 'பேஸ்போல் அமெரிக்கா' சஞ்சிகை எங்கள் நாட்டில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1981இல் அலன் சிம்சன் என்ற கனடியர் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வைற் றொக் நகரில் அதை ஆரம்பித்தார். 1990 முதல் அது வருடந்தோறும் முதல் 100 பேரின் பட்டியலை வெளியிட்டு வருகின்றது.

பட்டியல் பிழைத்த இடங்கள்

2009ஆம் ஆண்டுப் பருவத்துக்கு முன் அந்தச் சஞ்சிகை முழு பேஸ்போல் உலகிலும் ஆறாவது சிறந்த இளம் வீரர் என்று போட்டது எங்கள் ட்ராவிஸ் ஸ்னைடரை. 20 வயதிலேயே ரொறன்ரோவுக்கு வந்தவர். மேலும் கீழுமாக அலைந்து, 2012இல் வேறு அணிக்கு அனுப்பப்பட்டார். நட்சத்திரமாகவில்லை.

2016இல் மெக்சிக்கோவில் அலெஹாண்ட்ரோ கேர்க் என்ற 17 வயதுக் கச்சரை 30,000 டொலருக்கு எடுத்தார்கள். முந்திய வருடம் குரேரோ ஜூனியருக்குக் கொடுத்தது 39 இலட்சம் டொலர். கேர்க் ஐந்தடி எட்டு அங்குலம், பருத்த உடம்பு. பார்த்தவுடன் விளையாட்டு வீரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் ஸ்ரைக் அவுட் ஆனதைவிட வோக் வாங்கியதுதான் அதிகம். அந்தக் கண் அவரை 2020இல், மேல் இரண்டு படிகளையும் தாண்டிக் குதித்து, ரொறன்ரோவுக்குக் கொண்டு வந்தது. 2022இலும் 2025இலும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தெரிவானார்.

ரோய் ஹலடேயின் கதை இன்னும் ஆழமானது. 1995இல் முதற்சுற்றில் 17ஆவதாகத் தெரிவானவர். பெரிய நம்பிக்கை. 2000ஆம் ஆண்டில் ஒன்பது இன்னிங்ஸுக்குப் பத்து ஓட்டங்களுக்கு மேல் கொடுத்தார். அவ்வளவு மோசமான பருவம். 2001இல் அணி அவரை டனீடினுக்கே திருப்பி அனுப்பியது. மெல் குவீன் என்ற பயிற்சியாளர் அவர் கை போகும் கோணத்தையே மாற்றினார். 2003இல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த பிற்சருக்கான சை யங் விருது. 2019இல், அவர் இறந்து இரண்டு வருடத்தின் பின், புகழ் மண்டபத்தில் இடம். 2000ஆம் ஆண்டு முடிவில் யாராவது பட்டியல் போட்டிருந்தால் அவர் பெயரை எங்கே வைத்திருப்பார்கள்?

தரவரிசை வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2012 டிசெம்பரில், அந்த வருடம் சை யங் விருது வென்ற ஆர்.ஏ. டிக்கியை வாங்க, புளூ ஜேஸ் தன் சிறந்த இளையவர்களான ட்ராவிஸ் டார்னோவையும் நோவா சிண்டர்கார்டையும் நியூ யோர்க் மெற்ஸ் அணிக்குக் கொடுத்தது. டிக்கி நான்கு வருடம் இங்கே உழைத்தார். ஆனால் 2015 உலகத் தொடரில் மெற்ஸ் அணிக்காக எறிந்தவர் சிண்டர்கார்ட், பந்து பிடித்தவர் டார்னோ. பட்டியலில் உள்ள பெயர்கள் அணியின் சேமிப்புக் காசு. எதை எப்போது செலவழிப்பது என்பதற்குத்தான் இந்த எடை போடுதல்.

எங்கள் முகம் போன்ற ஒரு முகம்

2023 ட்ராஃப்ற்றில் புளூ ஜேஸ் 20ஆவதாகத் தெரிவு செய்தது அர்ஜுன் நிம்மலாவை. புளோரிடாவில் வளர்ந்த 17 வயது ஷோர்ட் ஸ்ரொப். பெற்றோர் இந்தியாவிலிருந்து, ஆந்திரத்திலிருந்து வந்தவர்கள். இந்தியக் குடியேறிகளின் பிள்ளை ஒருவர் முதற்சுற்றில் தெரிவானது அதுவே முதல் தடவை. 2008இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டி மூலம் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இருவரை இந்தியாவில் கண்டெடுத்து பிற்ஸ்பேர்க் அணி ஒப்பந்தம் செய்தது. அவர்கள் அதற்கு முன் பேஸ்போலே ஆடாதவர்கள். மேஜர் லீக்கை எட்டவில்லை. நிம்மலா அப்படியல்ல. சிறு வயதிலிருந்து இந்த விளையாட்டில் வளர்ந்தவர்.

2024இல் டனீடினில் அவர் தொடக்கத்தில் மிகவும் தடுமாறினார். அணி அவரைச் சிறிது காலம் ஆட்டங்களிலிருந்து எடுத்து, பயிற்சி மையத்தில் வைத்து அடிக்கும் முறையைச் சீர் செய்தது. திரும்பி வந்தவர் அந்தப் பருவத்தில் அங்கே 16 ஹோம் ரன் அடித்தார். 2025இல் வன்கூவரில், 19 வயதில், நன்றாகத் தொடங்கிப் பிறகு சரிந்தார். சராசரியை மட்டும் பார்ப்பவர் இவர் தேற மாட்டார் என்பார். வயதையும் படியையும் சேர்த்துப் பார்ப்பவர் பொறுங்கள் என்பார். நான் இரண்டாவது பக்கம். ஆனால் அவர் எங்கள் நிறம் என்பதற்காக ஒரு புள்ளி கூட்டிப் போட எனக்கு ஆசை வருகிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஸ்கவுட்டுகளும் மனிதர்தான். உயரமான பையனுக்கும், பெரிய வீரரின் மகனுக்கும் அவர்கள் கை தானாக ஒரு புள்ளி கூட்டிப் போட்டுவிடும். கேர்க்கைப் பலர் தவறவிட்டதும் அதனால்தான்.

அந்தத் தகப்பனுக்கு

இனி அந்த நேயரின் இரண்டாவது கேள்வி. ஐயா, 13 வயதில் யாரும், எந்த நிபுணரும், உங்கள் மகனுக்குப் புள்ளி போட முடியாது. 22 வயதுக்காரருக்கே பிழையாகப் போடுகின்றார்கள். ஆகவே 'உங்கள் மகன் கட்டாயம் மேஜர் லீக்குக்குப் போவான்' என்று சொல்லி யாராவது காசு கேட்டால், அதை நம்பிக் கொடுக்காதீர்கள்.

காசு விடயமும் தெரிந்திருக்க வேண்டும். மைனர் லீக்கில் மேல் படியான பஃபலோவில் கூட, 2023இல் தொழிற்சங்கம் செய்த முதல் ஒப்பந்தத்தின்படி, குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 35,800 அமெரிக்க டொலர். அதற்கு முன்பு அது 17,500. மேஜர் லீக்கில் 2025இல் குறைந்தபட்சம் 760,000. இரண்டுக்கும் இடையில் இரண்டு மணித்தியாலக் கார்ப் பயணம்தான். ஆனால் அந்தப் பாதையை முடிக்காமல் நின்றவர்களே அதிகம்.

அதேநேரம், விளையாட்டா படிப்பா என்று இப்போதே வெட்ட வேண்டியதில்லை. யெசாவேஜ் கிழக்கு கரோலினாப் பல்கலைக்கழகத்தில் மூன்று பருவம் ஆடிய பிறகே 2024இல் தெரிவானார். பள்ளிக்கூடத்திலிருந்து நேரே ஒப்பந்தம் செய்பவர்களும், பின்னாளில் படிப்பதற்கான பணத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது உண்டு. பெற்றோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுதான்.

எற்றோபிக்கோவில் வளர்ந்த ஜோயி வொட்டோவை 2002இல் சின்சினாட்டி அணி இரண்டாம் சுற்றில் எடுத்தது. மேலே வர ஐந்து வருடம் எடுத்தது. 2010இல் நாஷனல் லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் ஆனார். 2024இல் கடைசி ஆசையாகத் தன் சொந்த ஊர் அணிக்கு ஆட வந்து, புளூ ஜேஸ் பண்ணையிலே சில காலம் ஆடி, ரொறன்ரோ மைதானத்தில் அந்தச் சட்டையுடன் ஒரு மேஜர் லீக் ஆட்டமும் ஆடாமலே ஓய்வு பெற்றார். அவ்வளவு பெரிய வீரருக்கும் கடைசிப் படி ஏறக் கிடைக்கவில்லை.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள் எங்கள் பெரியவர்கள். முளையில் கொஞ்சம் தெரியும். மழை, உரம், பூச்சி, தோட்டக்காரரின் பொறுமை, இவை முளையில் தெரியாது. அடுத்த தடவை புளூ ஜேஸின் இளையோர் பட்டியலைக் கண்டால், ஏழாவது ஆளுக்கும் பத்தாவது ஆளுக்கும் இடையில் சண்டை பிடிக்காதீர்கள். அந்த வித்தியாசம் பெரிதல்ல. வயது என்ன, எந்தப் படி, எத்தனை ஸ்ரைக் அவுட் என்று பாருங்கள்.

மகனைப் பற்றி என்றால், ஐயா, சனிக்கிழமை காலையில் அவன் உங்களுக்கு முன்னமே எழும்பிச் சப்பாத்துக் கட்டிக்கொண்டு நிற்கிறானா? நிற்கிறான் என்றால், உங்களுக்குக் கட்டுப்படியான அளவில், விளையாட விடுங்கள். பள்ளிக்கூடப் புத்தகம் காரின் பின் இருக்கையில் இருக்கட்டும்.